ஒயர் கூடையா, பேண்ட் துணிப் பையா, கட்டைப்பையா: சந்தைக்கு எதைத் தூக்கிக்கொண்டு போவது?

போன மாதம் தென்னூர் உழவர் சந்தையிலிருந்து திரும்பும்போது, கையில் இருந்த சணல் பையின் கைப்பிடி ஒரு பக்கம் பிய்ந்துபோய் இரண்டு கிலோ தக்காளியும் ரோட்டில். 180 ரூபாய் கொடுத்து வாங்கிய பை, வாங்கி நாலு மாதம்கூட ஆகவில்லை. அதே நேரம் என் தோளில் தொங்கிய இன்னொரு பையில் மூன்று கிலோ வெங்காயமும் இரண்டு கிலோ உருளைக்கிழங்கும் அசையாமல் இருந்தன. வீட்டுக்காரரின் பழைய பேண்ட்டை வெட்டி நானே தைத்த பை அது, செலவு நூல் மட்டும்தான். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்தது, பரணில் கிடந்தது எல்லாவற்றையும் கூடத்தில் எடுத்துப் போட்டு, எது எத்தனை வருஷமாக உழைக்கிறது, எதற்கு எவ்வளவு செலவானது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். திருச்சியில் இருக்கும் ஒரு சின்னக் குடும்பத்தின் கணக்கு இது. உங்கள் வீட்டுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

முதலில் ஒயர் கூடை, ஏனென்றால் இருப்பதில் மூத்தது அதுதான். என் மகள் பிறந்த வருஷம் அம்மா பின்னிக் கொடுத்தது, மகள் இப்போது எட்டாவது படிக்கிறாள். பச்சையும் வெள்ளையும் கலந்த சாதா முடிச்சுக் கூடை, பச்சை வெளிறிப்போய்விட்டது, முடிச்சு ஒன்றுகூட நெகிழவில்லை. வாரம் இரண்டு முறை என்று வைத்தாலும் பதின்மூன்று வருஷத்தில் 1,300 தடவைக்கு மேல் சந்தைக்குப் போய் வந்திருக்கிறது. அந்த அளவுக் கூடைக்கு மூன்று கட்டு ஒயர் போதும். நான் வாங்கும் கடையில் ஒரு கட்டு இன்றைக்கு 50 ரூபாய், ஆக இன்றைய விலையிலேயே போட்டாலும் ஒரு தடவைக்குப் பதினோரு பைசாதான் ஆகிறது. பிய்ந்த சணல் பையை இதே மாதிரி கணக்குப் பார்த்தால் முப்பத்தைந்து தடவைக்கு 180 ரூபாய், அதாவது ஒரு தடவைக்கு ஐந்து ரூபாய்க்கு மேல்.

விலையை விட்டுவிடுங்கள், காய் வாங்க இதைவிட நல்ல பாத்திரம் வேறில்லை என்பது என் அபிப்பிராயம். கூடை தானாக நிற்கும். தராசுத் தட்டிலிருந்து நேராகக் கொட்டலாம், ஒரு கையால் வாயைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் சில்லறை தேட வேண்டியதில்லை. அடியில் உருளை, பூசணித் துண்டு, அதற்கு மேல் கத்தரி, வெண்டை, எல்லாவற்றுக்கும் மேல் தக்காளி என்று அடுக்கினால் பக்கவாட்டுச் சுவர் வளையாமல் நிற்பதால் தக்காளி நசுங்காது. துணிப் பையைத் தோளில் மாட்டினால் எல்லாம் நடுவில் வந்து குவிந்து அடியில் இருப்பது சட்னியாகிவிடும். மழையில் நனைந்த கீரைக்கட்டை வைத்தால் தண்ணீர் முடிச்சு இடுக்கு வழியாக வடிந்துவிடுகிறது. மீன் வாங்கிய நாளில் வாசல் குழாயடியில் கவிழ்த்து இரண்டு செம்பு தண்ணீர் ஊற்றினால் வேலை முடிந்தது.

குறைகளும் உண்டு. மடிக்க முடியாது, அதனால் ஆபீஸ் போகிறவர்கள் பைக்குள் வைத்துக்கொள்ள வழியில்லை. பஸ்ஸில் கூட்டமாக இருந்தால் பக்கத்தில் நிற்பவர் காலில் உரசும். சில்லறையாக வாங்கும் பச்சை மிளகாய் முடிச்சு இடைவெளியில் நழுவும், அதற்கு அடியில் ஒரு துண்டுத் துணி விரித்துக்கொள்ள வேண்டும். அப்புறம், அதுவும் பிளாஸ்டிக்தான், அதை மறைத்துப் பேசுவதில் பயன் இல்லை. ஆனால் ஒரு தடவை பிடித்து எறியும் பிளாஸ்டிக்கும் பதின்மூன்று வருஷம் கையில் இருக்கும் பிளாஸ்டிக்கும் எனக்கு ஒன்றாகத் தெரியவில்லை.

பின்னக் கற்றுக்கொள்வது கஷ்டமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். முதல் கூடைக்கு ஒரு வாரம் ஆகும், தினம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால். இந்த மே மாதம் என் மகள் அம்மாச்சி பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டாள். ஒயரை அளந்து வெட்டி, கட்டில் சுருண்டே இருந்து பழகிய ஒயரைக் கொஞ்ச நேரம் வெயிலில் போட்டு இளக்கி, முதல் வரிசை முடிச்சைப் போட்டு அதற்கு இரண்டு பக்கமும் அடியை வளர்க்க வேண்டும். மடித்த ஒயருக்குள் அடுத்த ஒயரை நுழைத்து நாலு பக்கமும் சமமாக இழுப்பதுதான் சாதா முடிச்சு. ஒரு பக்கம் அதிகம் இழுத்தால் அந்த வரிசையே கோணிவிடும். மகள் பின்னிய முதல் அடி படகு மாதிரி மேலே வளைந்தது. அம்மா திட்டவில்லை, ஐந்து வரிசையையும் பிரிக்கச் சொல்லி, "அடி இறுக்கமா இருந்தா மீதிக் கூடையை அதுவே தூக்கிக்கும்"னு மட்டும் சொன்னார். இரண்டாவது நாள் ஆள்காட்டி விரலில் ஒயர் அறுத்த கோடு விழுந்தது, பிளாஸ்டர் சுற்றிக்கொண்டு பின்னினாள். மூலை திரும்பி மேலே ஏறும் இடம் வரைக்கும்தான் பொறுமை தேவை, அதற்கு மேல் பேசிக்கொண்டே பின்னலாம். அவர்கள் இரண்டு பேரும் அந்த ஒரு வாரம் பேசிய பேச்சு எனக்குக் கூடையைவிடப் பெரிசு.

சிவன் கண், நெல்லிக்காய் முடிச்சு எல்லாம் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒயர் அதிகம் இழுக்கும், நேரமும் அதிகம். கோயிலுக்குத் தேங்காய் பழம் கொண்டுபோகும் கூடைக்கு அதைப் போடுங்கள், சந்தைக்குச் சாதா முடிச்சே போதும்.

அடுத்தது பேண்ட் பை. பழைய துணியில் பை தைப்பது என்றதும் எல்லோரும் புடவையைத்தான் எடுக்கிறார்கள். அதில்தான் தப்பு நடக்கிறது. நைந்த நூல் புடவை ஐந்து கிலோ வெங்காயத்தைத் தாங்காது. தையல் கெட்டியாக இருந்தாலும் தையல் ஓரத்துத் துணி கிழியும். பாரம் தூக்கப் பேண்ட் துணிதான் சரி, அதிலும் ஜீன்ஸ் என்றால் இன்னும் நல்லது. முட்டி வெளுத்து, பின்பக்கம் தேய்ந்து போன பேண்ட்டில்கூடத் தொடைப் பகுதியின் முன்பக்கம் நன்றாகத்தான் இருக்கும். அதை வெட்டி 40 சென்டிமீட்டர் அகலம், 45 உயரம் வருகிற மாதிரி ஒட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். இடுப்புப் பட்டி ஏற்கெனவே இரண்டு மடிப்பாகக் கெட்டியாக இருக்கிறது, அதையே கைப்பிடிக்கு எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டு இடத்தில் மட்டும் சோம்பல் கூடாது. ஒன்று, அடி மூலை. பையைத் தைத்ததும் உள்பக்கம் திருப்பி, அடித் தையலும் பக்கத் தையலும் ஒன்றன்மேல் ஒன்று வரும்படி மூலையை முக்கோணமாக மடித்து, முனையிலிருந்து நாலு விரல் தள்ளிக் குறுக்கே ஒரு தையல் போட வேண்டும். இதைச் செய்தால் பைக்குத் தட்டையான அடி கிடைக்கும், கீழே வைத்தால் சரிந்து விழாது. இரண்டாவது, கைப்பிடி சேரும் இடம். ஒரு வரிசைத் தையலோடு விட்டுவிட்டால் என் சணல் பைக்கு நடந்ததுதான் நடக்கும். பிய்ந்த இடத்தைப் பிரித்துப் பார்த்தேன், ஒரே ஒரு தையல், அதுவும் துணியின் விளிம்பை ஒட்டி. கைப்பிடியைப் பைக்குள் நாலு விரல் இறக்கி, சதுரமாகச் சுற்றித் தைத்து, சதுரத்துக்குள் பெருக்கல் குறி மாதிரி மூலைக்கு மூலை ஓட்டிவிடுங்கள். ஜீன்ஸ் துணிக்கு மெஷினில் 16-ஆம் நம்பர் ஊசி போட்டுக்கொள்ளுங்கள், சாதாரண ஊசி முறியும். மெஷின் இல்லாதவர்கள் துணியை வெட்டிக் கொடுத்தால் தெருமுனைத் தையல்காரர் நாற்பது ஐம்பது ரூபாய்க்குத் தைத்துத் தந்துவிடுவார்.

மூன்று வருஷமாக என்னிடம் இரண்டு பேண்ட் பைகள் இருக்கின்றன. ஒன்று ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில், இன்னொன்று என் கைப்பையில். மளிகைக்கு இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. பருப்பு, சீனி, எண்ணெய்ப் பாக்கெட், சோப்பு என்று எதைப் போட்டாலும் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு கையையும் வீசி நடக்கலாம். ஈரத்துக்குத்தான் ஆகாது. ஐப்பசி மழையில் ஒரு தடவை நனைந்த முருங்கைக்கீரையோடு அப்படியே ஒரு ராத்திரி விட்டுவிட்டேன், அந்த நாற்றம் போக மூன்று தடவை துவைத்து வெயிலில் காயப்போட வேண்டியிருந்தது.

அப்படியானால் நூல் புடவை வீண்தானா என்றால், இல்லவே இல்லை. அதில் பாரம் தூக்கும் பை தைக்காமல் சின்னச் சுருக்குப் பை தையுங்கள். ஒரு சாண் அகலம், ஒன்றரைச் சாண் உயரம், வாயில் நாடா. கொத்தமல்லி, புதினாவைத் தண்ணீர் தெளித்துப் பிழிந்த ஈரச் சுருக்குப் பையில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் பிளாஸ்டிக் கவரில் வைப்பதைவிட இரண்டு மூன்று நாள் கூடுதலாகத் தாங்குகிறது. கவரில் வியர்த்து அழுகும் இலை துணியில் மூச்சு விடும். பழைய வேட்டி இதற்கு இன்னும் நல்லது. கல்யாண வீட்டில் தரும் மஞ்சள் தாம்பூலப் பைகளையும் நான் இதற்குத்தான் வைத்திருக்கிறேன். அவை பெரும்பாலும் மெல்லிசு, ஒரு கிலோ காய்க்கு மேல் போட்டால் இழுக்கும்.

கடையில் விற்கும் துணிப் பைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. கோயம்பேடு மார்க்கெட்டில் பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் மெஷின்கூட வைத்தார்கள். பை மறந்துபோன நாளில் அது நல்ல விஷயம். ஆனால் வீட்டில் பத்துப் பை இருக்கும்போது அச்சடித்த வாசகத்துக்காகப் பதினோராவது பருத்திப் பை வாங்குவது சிக்கனமும் இல்லை, இயற்கைக்கு நல்லதும் இல்லை. டென்மார்க் சுற்றுச்சூழல் துறை 2018-இல் ஒரு கணக்கு வெளியிட்டது. புதிய பருத்திப் பை ஒன்று, அந்த ஊர்க் கடைகளில் தரும் சாதாரண பிளாஸ்டிக் பையைவிட எல்லா வகையிலும் மோசமில்லை என்று ஆக 7,100 தடவை பயன்படுத்த வேண்டுமாம். தினம் ஒரு தடவை என்றாலும் பத்தொன்பது வருஷத்துக்கு மேல். பருவநிலை மாற்றக் கணக்கை மட்டும் எடுத்தால் 52 தடவை போதும். புதுப் பருத்தியை விளைவித்து, நூற்று, நெய்வதில் வரும் பாதிப்புகளில் மிக மோசமானதை வைத்துத்தான் அந்தப் பெரிய எண் வருகிறது. பீரோவில் கிடக்கும் பழைய பேண்ட்டுக்கு அந்தச் செலவெல்லாம் எப்போதோ முடிந்துபோனது. அதனால்தான் பழைய துணியில் தைக்கச் சொல்கிறேன்.

இன்னொரு ஏமாற்றமும் இருக்கிறது. துணி மாதிரியே தொட்டால் தெரியும், நெய்த இழை இருக்காது, வெயில் பட்டால் சில மாதத்தில் பொடிப்பொடியாக உதிரும் பைகள். அது துணி இல்லை, பாலிபுரொப்பிலீன். ஓரத்தைப் பிய்த்துப் பாருங்கள், நூல் வராமல் பஞ்சு மாதிரிப் பிய்ந்து வந்தால் அதுதான். அதையும் 2019 தடைப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள்.

கட்டைப்பை நம் வீடுகளில் யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை. தீபாவளிக்குத் துணி எடுத்தால் கூடவே வந்துவிடும். ஊருக்குப் போக, ஆஸ்பத்திரியில் இருப்பவருக்கு மாற்றுத் துணியும் ஃபிளாஸ்க்கும் கொண்டுபோக, சீர் சாமான் வைக்க அதற்கு ஈடில்லை. சந்தைக்கு மட்டும் வேண்டாம். கட்டை உள்ளங்கையை அழுத்தும், தோளில் மாட்டவும் முடியாது. கட்டை சேரும் மடிப்புதான் முதலில் விடும். விட்டால் தூக்கிப் போடாதீர்கள், கோணி ஊசியில் சணல் நூல் கோத்து ஒரு விரல் இடைவெளியில் பத்துத் தையல் போட்டால் இன்னும் இரண்டு வருஷம் வரும்.

அரிசிச் சிப்பத்தில் தைக்கும் பையைப் பற்றிக் கேட்பார்கள் என்பதால் சொல்கிறேன். 25 கிலோவைத் தாங்கிய சாக்கு, பாரத்துக்குப் பயமே இல்லை. ஓரத்தை இரண்டு மடிப்பு மடித்துத் தைக்காவிட்டால் இழை இழையாகப் பிரியும், வெயிலில் கிடந்தால் நொறுங்கும். மாவு மில்லுக்குக் கோதுமை, மிளகாய் கொண்டுபோக நான் அதைத்தான் வைத்திருக்கிறேன்.

ஆக எங்கள் வீட்டில் காய்க்கும் மீனுக்கும் ஒயர் கூடை, மளிகைக்குப் பேண்ட் பை, கீரைக்குச் சுருக்குப் பை, ஊருக்குக் கட்டைப்பை. இரண்டில் ஒன்றுதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் பேண்ட் பையை முதலில் தையுங்கள். ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும், மடித்துக் கையில் வைத்திருக்கலாம், வீட்டில் மறந்துவிட்டு வரும் கூடையைவிடக் கையில் இருக்கும் பைதான் காப்பாற்றும். கூடையைப் பிள்ளைகள் லீவில் ஆரம்பியுங்கள்.

அம்மா பின்னிய கூடையில் போன வாரம் கைப்பிடி ஒரு பக்கம் அறுந்தது. அறுந்த ஒயரை மகள் உருவி எடுத்துவிட்டு, உள்ளே தடித்த கயிறு வைத்து, வீட்டில் மிச்சமிருந்த சிவப்பு ஒயரில் புதுக் கைப்பிடி பின்னியிருக்கிறாள். வெளிறிய பச்சைக் கூடையில் அந்தச் சிவப்பு தனியாகத் தெரிகிறது. நேற்றுக் காலை அதில் ஆறு கிலோ தூக்கி வந்தேன்.