செட்டிநாட்டுக்கு எது தேவை: இன்னொரு கல்லூரியா, வேலையோடு சேர்ந்த பட்டமா?

காரைக்குடியைச் சுற்றிக் கல்லூரிக்குப் பஞ்சம் கிடையாது. 1947இல் வள்ளல் அழகப்பர் கலைக் கல்லூரியைத் தொடங்கினார், 1952இல் பொறியியல் கல்லூரி வந்தது, அவர் கொடுத்த 300 ஏக்கரையும் 15 லட்சம் ரூபாயையும் அடித்தளமாக வைத்து எழுந்த செக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953இல் திறக்கப்பட்டது, 1985இல் அழகப்பா பல்கலைக்கழகம் உருவானது. இவ்வளவும் ஒரே ஊரில். அப்படியும் ஆத்தங்குடியில் டைல் பட்டறை வைத்திருப்பவர் "ஆள் கிடைக்கவில்லை" என்கிறார், அதே தெருவில் பட்டம் வாங்கிய பிள்ளை "வேலை கிடைக்கவில்லை" என்று திருப்பூருக்கோ சென்னைக்கோ பஸ் ஏறுகிறது. இரண்டு பேர் சொல்வதும் உண்மை. நடுவில் இருக்கும் பள்ளத்தை எந்த மாதிரிக் கல்வி நிரப்பும் என்பதுதான் கேள்வி. இங்கே அடிக்கடி பேசப்படும் வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதலாவது, தேர்தல் வந்தால் எல்லா ஊரிலும் கேட்கிற கோரிக்கை: "எங்கள் பக்கம் ஓர் அரசு கலைக் கல்லூரி வேண்டும்." இதை நான் இளக்காரமாகப் பார்க்கவில்லை. வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரத்தில் கல்லூரி இருந்தால்தான் பல குடும்பங்கள் பெண்ணைப் படிக்க அனுப்புகின்றன, புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருவது அதற்குக் கூடுதல் பலம். ஆனால் புதுக் கட்டடத்தில் என்ன தொடங்குகிறோம்? மறுபடியும் வணிகவியல், ஆங்கிலம், கணினி அறிவியல்தான். பாதி வகுப்பைக் கௌரவ விரிவுரையாளர்கள் தாங்குவார்கள். மூன்று வருடம் கழித்து அந்தப் பெண்ணின் கையில் இருக்கும் பட்டத்துக்கும் அவள் ஊரில் நடக்கும் தொழிலுக்கும் எந்த ஒட்டும் இருக்காது.

தொலைநிலைக் கல்வி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கடையில் வேலை பார்த்துக்கொண்டே பி.காம். முடிக்க நினைப்பவருக்கு அது பெரிய உதவி, அதைத் தொடவே கூடாது. ஆனால் கையில் செய்து பழக வேண்டிய எதையும் அஞ்சலில் வரும் புத்தகம் கற்றுத் தராது.

ஐடிஐ நேர் எதிர். சீக்கிரம் கை பழகும், சீக்கிரம் சம்பளம் வரும். ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம், டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம், ஆக மேலே ஏற ஏணியும் உண்டு. ஆனால் அந்த ஏணி சாய்ந்திருப்பது ஆலைச் சுவரின் மேல். ஃபிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன் எல்லாம் தொழிற்பேட்டைகளை மனதில் வைத்த பிரிவுகள். சிவகங்கைச் சீமையில் ஆலைகள் எத்தனை? ஏறுகிற பிள்ளை கடைசியில் ஸ்ரீபெரும்புதூரில்தான் இறங்குகிறான்.

நான்காவது, திண்டுக்கல் பக்கத்துக் காந்திகிராமம் மாதிரி தனியாக ஓர் ஊரகப் பல்கலைக்கழகம். 1948-49இல் ராதாகிருஷ்ணன் குழு பரிந்துரைத்த யோசனை அது. சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் வளர்த்த காந்திகிராமத்தில் 1956இல் ஊரக நிறுவனம் தொடங்கி, 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. நம் பக்கத்திலேயே குன்றக்குடி அடிகளார் செக்ரி விஞ்ஞானிகளை ஊருக்குள் அழைத்து வந்து கிராமத் திட்டம் நடத்திக் காட்டினார். ஆய்வகத்து அறிவு பக்கத்துக் கிராமத்துக்குள் நுழைய முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். எனக்கு மனதளவில் மிகவும் பிடித்த வழி இதுதான். ஆனால் நிலம், கட்டடம், பணியிடம் என்று ஒரு தலைமுறை போய்விடும், அதற்குள் பட்டறைகளில் இருக்கும் பெரியவர்கள் போய்விடுவார்கள்.

மிச்சம் இருப்பது, இப்போதிருக்கும் கல்லூரிகளுக்குள்ளேயே வேலையோடு சேர்ந்த பட்டம். வாரத்தில் சில நாள் வகுப்பு, சில நாள் பட்டறை, பட்டறை நாளுக்கும் மதிப்பெண், கூடவே உதவித்தொகை. 2014இல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) கொண்டுவந்த பி.வொக். என்கிற தொழிற்கல்விப் பட்டத்தில் ஒரு வருடத்தோடு நின்றால் டிப்ளமோ, இரண்டு வருடத்தில் மேல்நிலை டிப்ளமோ, மூன்றும் முடித்தால் பட்டம். முறையான பட்டம் இல்லாத துறை வல்லுநரையும் பேராசிரியராக அமர்த்த 2022இல் வழி திறந்தாயிற்று. சட்டம் இருக்கிறது, செய்வதுதான் பாக்கி.

ஆத்தங்குடி டைலையே எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்துக் கலர் கலந்த சிமெண்ட் குழம்பை ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் போட்டு அழுத்தி, காயவிட்டு, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு எடுக்கிறார்கள். அந்தப் பளபளப்பு கண்ணாடியிலிருந்து வருவது. சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகுவது முழுக்க முழுக்க வேதியியல், அதைப் பாடமாக நடத்தும் வேதியியல் துறை சில கிலோமீட்டரில் இருக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததில்லை என்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. கானாடுகாத்தானிலும் மற்ற ஊர்களிலும் பழைய வீடுகளில் இரும்புத் தூண் துருப்பிடிக்கிறது, சுண்ணாம்புப் பூச்சு உதிர்கிறது. துருவைப் பற்றி நாட்டுக்கே சொல்லிக்கொடுக்கும் செக்ரி இங்கே, முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்த பூச்சு தெரிந்த கொத்தனார் இங்கே. இரண்டையும் தெரிந்த இருபத்திரண்டு வயதுக்காரர் எங்கே? வீடுகளை ஹோட்டலாக மாற்றுகிறவர்களுக்குத் தேவைப்படுவது அவர்தான். பலகாரத் தொழிலும் அப்படியே. கைமுறுக்கும் சீப்புச் சீடையும் சுடத் தெரிந்த ஆச்சிகளுக்கு, எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் எத்தனை நாள் தாங்கும் என்று சோதித்து, உரிமம் எடுத்து, லேபிள் ஒட்டி வெளிநாடு அனுப்பத் தெரிந்த ஒரு பெண் பக்கத்தில் இருந்தால் அது வேறு வியாபாரம். மானாவாரி விவசாயத்துக்குச் செட்டிநாட்டிலேயே வேளாண் கல்லூரி வந்துவிட்டது, அங்கே படிப்பவர்கள் ஒரு கண்மாயையாவது பொறுப்பெடுத்து நான்கு வருடமும் கவனிக்க வேண்டும்.

கைத்தொழிலுக்குப் பட்டம் சரிப்படுமா என்று கேட்பவர்களுக்கு மாமல்லபுரத்தில் இருக்கும் அரசு கட்டடக்கலை, சிற்பக் கல்லூரி பதில். அங்கே மரபுக் கட்டடக்கலைக்கு பி.டெக். பட்டமே உண்டு. அந்தக் கல்லூரியை நீண்ட காலம் நடத்திய கணபதி ஸ்தபதி பிள்ளையார்பட்டிக்காரர், உளி பிடிக்கும் குடும்பத்தில் பிறந்தவர், காரைக்குடி அழகப்பா கல்லூரியில் கணிதம் படித்தவர். கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவர் நிற்பதற்குப் பின்னால் இரண்டு படிப்பும் இருக்கிறது.

இதற்கு வரும் எதிர்ப்புகளில் ஒன்றை மட்டும் லேசாகத் தள்ளிவிட முடியாது: "இது குலக்கல்வி இல்லையா?" 1953இல் ராஜாஜி கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டத்தில், மீதி நேரம் பிள்ளைகள் அப்பன் தொழிலைக் கற்க வேண்டும் என்றிருந்தது. தமிழ்நாடே கொதித்தது, 1954இல் காமராஜர் முதல்வரானதும் அது போனது. அந்த அச்சம் நியாயமானது, நானும் அதைச் சுமக்கிறேன். அதனால்தான் சில விஷயங்களில் விட்டுக்கொடுக்கவே கூடாது என்கிறேன். பள்ளிப்படிப்பு பன்னிரண்டு வருடமும் முழுசாக முடிந்த பிறகுதான் இது. எந்த வீட்டுப் பிள்ளையும் எந்தத் தொழிலிலும் சேரலாம், டைல் போடுகிறவர் மகள் உணவுத் தொழில்நுட்பத்துக்கும் வக்கீல் மகன் சுண்ணாம்புப் பூச்சுக்கும் வர வேண்டும். கணிதமும் அறிவியலும் ஆங்கிலமும் குறையக் கூடாது. எம்.எஸ்சி.க்கோ எம்.பி.ஏ.வுக்கோ போக வழி அடையக் கூடாது. இவற்றில் ஒன்று தவறினாலும் நானே எதிர்ப்பேன்.

அடுத்த சிக்கல் பட்டறைக்காரர் பக்கம். எண்ணிக்கைக் கூலிக்கு வேலை நடக்கும் இடத்தில் ஒரு மேஸ்திரி நின்று சொல்லிக்கொடுத்தால் அன்றைய கூலியில் துண்டு விழும். அதைக் கல்லூரி ஈடுகட்ட வேண்டும், சான்றிதழும் பொன்னாடையும் போதாது. நாலைந்து பேர் வேலை பார்க்கும் பட்டறை தனியாக ஒப்பந்தம் போடாது, ஊர் அளவில் சங்கமாகச் சேர்த்துத்தான் போட முடியும். பெண்கள் போகும் இடத்தில் கழிப்பறையும் பஸ் நேரமும் முதல் நாளே சரியாக இருக்க வேண்டும்.

ஐந்தில் எனக்கு இதுவே சரி என்று படுகிறது. ஆனால் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி "இதை வைத்து டிஎன்பிஎஸ்சி எழுதலாமா?" என்பதாகத்தான் இருக்கும். எழுதலாம் என்று தெளிவான அரசாணையைக் கையில் வாங்கிக்கொண்டு, பழைய வீட்டுப் பராமரிப்பு என்ற ஒரே ஒரு பட்டத்தை மட்டும் முதலில் தொடங்குங்கள். இணைத்தகுதி, அதாவது மற்றப் பட்டங்களுக்குச் சமம் என்கிற அங்கீகாரம், அப்புறம் வரும் என்று சொல்லி மாணவர்களைச் சேர்க்காதீர்கள்.