முழுகுவதா, ஊற்றுவதா? ஆதித் திருச்சபையின் ஞானஸ்நானம்

"முழுகினால்தான் ஞானஸ்நானமா, தலையில் ஊற்றினால் போதாதா?" என்று தவிக்கிறவர்கள் பலர். ஆதிச் சபை இரண்டையும் அறிந்திருந்தது.

பொருள்:
முழுகுதல் – கிறிஸ்துவோடு அடக்கமாகிப் புது ஜீவனுக்கு எழுவது (ரோமர் 6). பவுல் சொன்னதை உடம்பே அனுபவிக்கிறது. 'பாப்டிசோ' என்ற கிரேக்கச் சொல்லுக்கும் அமிழ்த்துதல் என்றே பொருள்.
ஊற்றுதல் – கழுவப்படுதல், ஆவி பொழியப்படுதல்.

தண்ணீர்:
பழைய போதனை நூலான டிடாகே முதலில் ஓடும் நீரைக் கேட்கிறது. போதிய நீர் இல்லையென்றால் தலையில் மும்முறை ஊற்றச் சொல்கிறது.

நோயாளி:
படுக்கையில் நீர் ஊற்றி ஞானஸ்நானம் பெற்றவர்களைச் சிலர் தாழ்வாக நினைத்தார்கள். 3ஆம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகர ஆயர் சிப்ரியான் அவர்களுக்காக வாதாடினார்: அருள் குறைவதில்லை. எத்தனை பெரிய ஆறுதல்!

உடல்பலமும் நீர்நிலையும் இருந்தால் முழுகுங்கள். முதியவருக்கும் நோயாளிக்கும் தயங்காமல் ஊற்றுங்கள்.