மழலைப் பருவத்துக்கான வால்டார்ஃப் வழிப் பாடத்திட்டம்: மூன்றரை ஆண்டு வீட்டுக்கல்வி அனுபவம்

என் மகளின் மூன்றரை வயதில் தொடங்கி, அவளுக்கு 7 வயது நிறையவிருக்கும் இன்றுவரை, பாட்டு, கதை, கைவேலை, விளையாட்டு வழியே குழந்தையைக் கற்கவிடும் வால்டார்ஃப் முறையைத் தழுவிய இரண்டு பாடத்திட்டங்களை வீட்டில் பயன்படுத்தியிருக்கிறேன். முதலாவதை 7 மாதங்களில் நிறுத்திவிட்டேன். இரண்டாவது இன்றும் தொடர்கிறது. வாங்குவதற்கு முன் நான் படித்த மதிப்புரைகளில் பெரும்பாலானவை முதல் சில வாரங்களின் மகிழ்ச்சியில் எழுதப்பட்டிருந்ததால், ஆண்டுகள் கடந்தபின் எது நிலைத்தது, எது நழுவியது என்பதை இங்கே எழுதுகிறேன்.

ஆஸ்திரிய மெய்யியலாளர் ருடால்ஃப் ஸ்டெய்னரின் வழிகாட்டலில் முதல் வால்டார்ஃப் பள்ளி 1919-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில், ஒரு சிகரெட் ஆலைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டது. அதன் மழலையர் பிரிவு, ஸ்டெய்னர் மறைந்த மறு ஆண்டான 1926-இல், ஆசிரியை எலிசபெத் குரூனேலியஸின் பொறுப்பில் உருவானது. வெவ்வேறு வயதுக் குழந்தைகள் ஒன்றாக இருக்கும் ஓர் அறைக்காக அமைந்த முறை அது. பள்ளிக்குச் சென்றே ஆகவேண்டும் என்ற சட்டமுள்ள ஜெர்மனியில் வீட்டுக்கல்விக்கு இன்றும் இடமில்லை. ஆகவே வீட்டுக்கென விற்கப்படும் ஒவ்வொரு பாடத்திட்டமும் யாரோ ஒருவர் தம் புரிதலின்படி மாற்றியமைத்ததே. அதனால்தான் அவற்றுக்கிடையே இவ்வளவு வேறுபாடு.

நான் முதலில் வாங்கியது, ஒவ்வொரு நாளையும் மணிக்கணக்கில் வகுத்துத் தந்த பெரிய தொகுப்பு. காலைப் பாட்டு, வட்டத்தில் நின்று ஆடிப்பாடும் நேரம், கைவினை, கதை என்று எல்லாவற்றுக்கும் தனித்தனிக் குறிப்புகள் இருந்தன. முந்தைய இரவே அவற்றைப் படித்து, கம்பளித் துணியில் கதைமாந்தர்களைத் தைத்து வைக்கவும் வேண்டியிருந்தது. நான்காவது மாதத்தில் தூக்கம் குறைந்து, காலையில் எரிச்சலோடு எழத் தொடங்கினேன். ஒரு நாள் என் மகள் தன் பொம்மைகளை வரிசையாக உட்காரவைத்து, ஒரு புத்தகத்தைப் பரபரப்பாகப் புரட்டியபடி, "இரு, இரு, அம்மா பார்த்துச் சொல்றேன்" என்று விளையாடிக்கொண்டிருந்தாள். இந்த வயதில் குழந்தை போலச்செய்தே கற்கிறது என்பது இம்முறையின் அடிப்படை. அந்தக் காலையில் அவளுக்கு நான் என்ன கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன் என்பது எனக்கு மிகத் தெளிவாகத் தெரிந்தது.

இரண்டாவது பாடத்திட்டம் அளவில் மிகச் சிறியது. மாதத்துக்கு இரண்டு கதைகள், நான்கைந்து பாடல்கள், வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரே ஒரு வேலை. மீதிப் பக்கங்கள் எல்லாம் பெற்றோர் படிப்பதற்கான கட்டுரைகள். ஓடியாடும் நேரமும் அமைதியாக ஒடுங்கும் நேரமும் மூச்சு வெளிவருவதும் உள்ளே செல்வதும்போல மாறிமாறி வரவேண்டும் என்ற கருத்தை அக்கட்டுரைகள்தாம் எனக்குப் புரியவைத்தன. திங்கள் வண்ணம் தீட்டுதல், செவ்வாய் மாவு பிசைந்து ரொட்டி சுடுதல், புதன் தேன்மெழுகில் உருவங்கள் செய்தல் என்று வாரம் படிந்துவிட்ட பிறகு, இன்று என்ன செய்யலாம் என்ற கேள்வியே வீட்டில் எழவில்லை.

ஒரே கதையைப் பத்து நாள் சொல்வது எனக்குத் தொடக்கத்தில் அலுப்பாக இருந்தது. மூன்றாம் நாள் அவள் உதடுகள் என்னோடு அசைந்தன. ஆறாம் நாள் நான் ஒரு சொல்லை மாற்றியதும் திருத்தினாள். அதற்குப் பிறகு அந்தக் கதை அவளுடைய விளையாட்டுக்குள் போய்விட்டது. படம் காட்டாமல், புத்தகம் பாராமல் சொன்னால்தான் இது நிகழ்கிறது என்பது என் அனுபவம். நனைத்த தாளில் நீர்வண்ணம் தீட்டுவதும் அப்படியே. சில வாரங்கள் மஞ்சள் மட்டும், பிறகு நீலம் மட்டும் கொடுத்து, இரண்டையும் சேர்த்துக் கொடுத்த அன்று, தாளில் பச்சை விரிவதைக் கண்டு அவள் தூரிகையைத் தூக்கிப்பிடித்தபடி அசையாமல் நின்றாள். தேன்மெழுகு மட்டும் எங்களுக்கு அவ்வளவாக ஒத்துவரவில்லை. உள்ளங்கையில் வைத்து இளக்கும்வரை சிறு விரல்களுக்குப் பொறுமை இருப்பதில்லை.

எழுத்து கற்பிப்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. ஏறத்தாழ 7 வயதுவரை முறையாக எழுத்து கற்பிக்கக்கூடாது என்பது வால்டார்ஃப் மரபு. பால்பற்கள் விழும் காலத்தை ஸ்டெய்னர் இதற்கு எல்லையாகக் கொண்டதற்கு அவருடைய ஆன்மிகக் கோட்பாடான மானுட ஞானவியலே அடிப்படை. அக்கோட்பாட்டை நான் ஏற்கவில்லை. ஆனால் நியூசிலாந்தில் செபாஸ்டியன் சுகேட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், 5 வயதில் வாசிப்புக் கற்கத் தொடங்கியவர்களை, 7 வயதில் தொடங்கியவர்கள் 11 வயதுக்குள் எட்டிப்பிடித்திருந்தனர்; அது என் கவலையைக் குறைத்தது. ஐந்தரை வயதில் அவளாகவே தன் பெயரை எழுதிக் காட்டச் சொன்னபோது எழுதிக் காட்டினேன். கேட்டதற்குப் பதில் சொன்னேன், பாடமாக நீட்டவில்லை. பாடத்திட்டம் இதற்கும் தடை சொல்லியிருந்தால் அந்த இடத்தில் நான் அதைப் பின்பற்றியிருக்க மாட்டேன்.

குறைகளும் உண்டு. இருபது குழந்தைகளுக்கான வட்டப்பாடலை ஒரு தாயும் ஒரு குழந்தையும் மட்டும் ஆடும்போது அது சீக்கிரம் வறண்டுவிடுகிறது. மூத்த குழந்தையைப் பார்த்து இளைய குழந்தை கற்பதும் வீட்டில் இல்லை. வேறு இரண்டு குடும்பங்களோடு வாரம் ஒரு காலை சேர்ந்த பிறகுதான் இது ஓரளவு சீரானது. பாடல்களும், பருவத்துக்கேற்ற இயற்கைப் பொருள்களை அடுக்கிவைக்கும் 'இயற்கை மேசை'யும் வட ஐரோப்பாவின் நான்கு பருவங்களையே பின்பற்றுகின்றன. பனிப்பொழிவைப் பார்த்திராத குழந்தைக்குப் பனிப்பாட்டு வெறும் ஒலி. அவற்றை எடுத்துவிட்டு, வாசலில் அப்போது உதிர்ந்து கிடப்பதையே மேசையில் வைத்தோம். பாடல்களைத் தாய்மொழியில் நானே கட்டினேன்.

வாங்க எண்ணுபவர்கள் மாதிரிப் பக்கங்களைக் கேட்டு வாங்கி, ஒரு வாரத்துக்கு அவற்றின்படி நடந்து பாருங்கள். குழந்தைக்கு அதில் என்ன இருக்கிறது என்பதோடு, இரவில் பெரியவரிடம் அது எவ்வளவு நேரம் கேட்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பட்டுத்துணி, மரப்பொம்மை என்று நீண்ட பொருள் பட்டியலோடு வருவதை நான் இனி வாங்க மாட்டேன். பழைய துணியும் நல்ல வண்ணம் மூன்றும் எங்களுக்கு இத்தனை ஆண்டுகளுக்குப் போதுமானதாக இருந்தன.