ஜேகே ரேங்ளருக்கு எந்த ஆக்ஸில்: டானா 30-ஐத் தேற்றலாமா, 44-க்கு மாறலாமா?

ஜீப் ரேங்ளர் ஜேகே (2007 முதல் 2018 மாடல் வரை) வைத்துக்கொண்டு 35 அங்குல டயர் மாட்ட நினைப்பவர்களிடம் கடைக்காரர் முதலில் விற்கப் பார்ப்பது லிஃப்ட் கிட் (வண்டியை உயர்த்தும் பாகங்கள்). உண்மையில் பணம் போக வேண்டிய இடம் அதற்குக் கீழே இருக்கிறது. அதுதான் ஆக்ஸில், சக்கரங்களைத் தாங்கிச் சுழற்றும் அச்சுத் தொகுதி. ஸ்போர்ட், சஹாரா மாடல்கள் இரண்டிலும் முன்னால் டானா 30, பின்னால் டானா 44 (டானா தயாரிப்பாளர் பெயர், எண் ஆக்ஸில் மாடல்). ரூபிகான் மாடலில் முன்னும் பின்னும் 44, இரண்டிலும் எலெக்ட்ரிக் லாக்கர் (ஒரு ஆக்ஸிலின் இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டுவது), டிரான்ஸ்ஃபர் கேஸில் (முன், பின் ஆக்ஸில்களுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி) 2.72-க்குப் பதில் 4.0 லோ ரேஷியோ. "30 பலவீனம், 44 பலம்" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அது பாதிதான் சரி.

கிரவுன்-பினியனைப் (ஆக்ஸிலின் நடுவே விசையைச் சக்கரப் பக்கம் திருப்பும் பெரிய, சிறிய பற்சக்கர ஜோடி) பார்த்தால் வித்தியாசம் தெளிவு. டானா 30 கிரவுன் ஏழு அங்குலத்துக்குச் சற்று மேல், உள் ஷாஃப்ட்டில் 27 ஸ்பிளைன் (ஷாஃப்ட் முனையில் நீளவாக்கில் வெட்டிய பற்கள்). முன் 44-இல் கிரவுன் பெரிது, ஸ்பிளைன் 30. ஆனால் ஜேகே ஆக்ஸில் முதலில் கெடுவது கிரவுனில் அல்ல, குழாயில். ரூபிகான் 44-இன் குழாயும் டானா 30-இன் குழாயும் ஒன்றேதான்: இரண்டரை அங்குல விட்டம், கால் அங்குலச் சுவர். குழாய் முனையில் பற்றவைத்திருக்கும் 'சி' வடிவத் துண்டும் அதே ரகம். கனமான 35 அங்குல டயரோடு வேகமாக ஒரு பள்ளத்தில் இறக்கினால் ஸ்பிரிங் இருக்கைக்கும் 'சி'-க்கும் நடுவே குழாய் மேல்நோக்கி வளையும், அல்லது 'சி' கோணும். வளைந்த பிறகு கேம்பர் (சக்கரத்தின் சாய்வு) தப்பும், டயர் உள்விளிம்பில் தேயும். அலைன்மென்ட் கடையில் எத்தனை முறை நின்றாலும் அது சரியாகாது. ரூபிகான் என்ற ஸ்டிக்கர் இதில் ஒரு பைசாவுக்கும் உதவாது.

அதனால் எந்த ஆக்ஸில் ஆனாலும் முதல் செலவு 'சி' கஸெட்டும் குழாய் ஸ்லீவும். கஸெட் என்பது வெளியிலிருந்து 'சி'-யின் முதுகில் பற்றவைக்கும் வலுவூட்டும் தகடு. பற்றவைக்கும்போது பால் ஜாயின்ட் (சக்கரம் திரும்ப உதவும் உருண்டை மூட்டு) உள்ளே இருந்தால் சூட்டில் அதன் கிரீஸும் ரப்பரும் போய்விடும். கழற்றிவிட்டுத்தான் வெல்டிங். முப்பத்தைந்து அங்குல டயருக்குப் பால் ஜாயின்ட் எப்படியும் தேயும் என்பதால், அந்த வேலையின்போதே நல்ல பால் ஜாயின்ட்டாக மாற்றிவிடுவது புத்திசாலித்தனம், கூலி ஒரே கூலி. ஸ்லீவ் என்பது குழாய்க்குள் அடித்து ஏற்றும் இன்னொரு குழாய். வெளிக்குழாயில் துளை போட்டு, அந்தத் துளை வழியாக உள்குழாயோடு பற்றவைப்பார்கள். ஒரே பக்கம் நீளமாக வெல்டிங் ஓட்டினால் சூட்டிலேயே ஹவுசிங் கோணிவிடும். பக்கம் மாற்றி மாற்றி, சிறிது சிறிதாக, ஆறவிட்டுப் போட வேண்டும். வளையாமல் இருக்கச் செய்யும் வேலையில் வளைத்துக் கொடுக்கும் பட்டறைகளும் உண்டு. வேலைக்கு முன்னும் பின்னும் அளந்து காட்டச் சொல்லுங்கள்.

அடுத்தது ரேஷியோ, அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றப் பினியன் எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்பது. இதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. 3.21 ரேஷியோவோடு வந்த ஸ்போர்ட்டின் பழைய டயர் ஏறத்தாழ 29 அங்குலம். அதில் 35 மாட்டினால் ஓட்டும்போது கிடைப்பது 2.7 அளவிலான ரேஷியோ. வண்டி மேட்டில் திணறும், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கியர் தேடித் தேடி எண்ணெயைச் சுட வைக்கும். பழைய இழுவையை மீட்பது மட்டும் போதாது, டயரின் எடை கூடியிருக்கிறது, காற்றுத் தடை கூடியிருக்கிறது. எனவே கணக்கு காட்டும் எண்ணுக்கு ஒரு படி மேலே போக வேண்டும்.

எந்த எண் என்பதை கியர்பாக்ஸ் தீர்மானிக்கிறது. 2007 முதல் 2011 வரை 3.8 லிட்டர் எஞ்சினோடு வந்த நாலு ஸ்பீடு ஆட்டோமேட்டிக்கில் டாப் கியர் 0.69. 2012-இல் 3.6 பென்டாஸ்டாரோடு வந்த அஞ்சு ஸ்பீடில் 0.83. ஆறு ஸ்பீடு மேனுவலில் 0.84. 35 அங்குல டயரில் மணிக்கு 65 மைல் போகும்போது, நாலு ஸ்பீடு ஆட்டோவில் 3.73 இருந்தால் எஞ்சின் சுமார் 1,600 ஆர்பிஎம்-இல் மூச்சு முட்டும். 5.13 போட்டால் 2,200. அதே 5.13-ஐ அஞ்சு ஸ்பீடு வண்டியில் போட்டால் 2,650-ஐத் தாண்டிக் கத்தும், அதற்கு 4.56 போதும், 2,360 வரும். எங்கள் பரிந்துரை: 35 டயருக்கு 3.6 எஞ்சினோடு 4.56, 3.8 மேனுவலுக்கு 4.88, 3.8 ஆட்டோவுக்கு 5.13. 37 டயர் என்றால் 3.6-க்கு 4.88 அல்லது 5.13.

ஆனால் டானா 30-இல் 5.13 போடுவதற்கு முன் யோசிக்க வேண்டும். 4.56 என்பது 41 பல்லுக்கு 9 பல், 4.88 என்பது 39-க்கு 8, 5.13 என்பது 41-க்கு 8. ரேஷியோ எண் ஏற ஏறப் பினியன் தலை சிறுத்துக்கொண்டே போகும். ஏற்கெனவே சின்ன கிரவுனில் அது நல்லதில்லை. டானா 30-க்கு 4.88-ஓடு நிறுத்துவது எங்கள் வரம்பு. 3.8 ஆட்டோ வைத்துக்கொண்டு 5.13 தேவைப்படுபவர் பாறை ஏறுவாரானால், அவருக்கு 30 சரியான ஆக்ஸில் இல்லை.

முன்னும் பின்னும் ரேஷியோ ஒன்றாக இருக்க வேண்டும் என்பது தெரிந்ததே. ஒரு பக்கம் மட்டும் மாற்றிவிட்டு ஃபோர் வீல் போட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும். கிட் வாங்குமுன் உள்ளே இருக்கும் டிஃபரன்ஷியல் (திருப்பத்தில் இரு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் அமைப்பு) கேஸ் எந்த ரேஷியோ வரம்புக்கானது என்று பாருங்கள். லாக்கர் வாங்கப்போகிறீர்கள் என்றால் அதையும் இப்போதே வாங்குங்கள், கேஸை இரண்டு முறை திறந்து இரண்டு முறை ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) போடக் கூலி கொடுக்க வேண்டியதில்லை.

லாக்கரில் ஏஆர்பி ஏர் லாக்கர் இன்னும் எங்கள் முதல் தேர்வு. வேண்டாதபோது சாதாரண டிஃபரன்ஷியல், வேண்டும்போது நூறு சதவீதப் பூட்டு. கெடுவது பெரும்பாலும் பல் அல்ல, காற்றுக் குழல்: எக்ஸாஸ்ட் பக்கம் கட்டி உருகுவது, கிளையில் மாட்டி அறுவது. ஈட்டனின் ஈ-லாக்கரில் காற்றுத் தொல்லை இல்லை, வயரிங் ஒழுங்காக இருக்க வேண்டும். பழைய கேஸுக்குள்ளேயே போடும் 'லஞ்ச்பாக்ஸ்' வகை (ஆஸி, ஸ்பார்ட்டன்) விலை குறைவு, ஆனால் ஜேகே-யின் முன் ஆக்ஸிலில் சக்கரத்தைத் துண்டிக்கும் ஹப் கிடையாது, ஷாஃப்ட் எப்போதும் சுழலும். அதனால் தார் ரோட்டுத் திருப்பங்களில் கடகடக்கும், ஃபோர் வீலில் ஸ்டீயரிங் கல்லாகும். டுரூட்ராக் (முழுதாகப் பூட்டாமல் தானே இயங்கும் பற்சக்கர வகை) பனிக்கும் சேற்றுக்கும் அருமை. ஒரு சக்கரம் காற்றில் தொங்கினால் பிரேக்கை லேசாக மிதித்தால்தான் மறுபக்கம் இழுக்கும்.

லாக்கர் போட்ட நாளிலிருந்து முழு முறுக்கமும் ஒரே ஷாஃப்ட் வழியாகப் போகக்கூடும். டானா 30-இன் 27 ஸ்பிளைன் பழைய ஷாஃப்ட் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. குரோமோலி (வலுவான கலப்பு எஃகு) ஷாஃப்ட்டும் புதிய கிராஸும் (ஷாஃப்ட் மூட்டில் இருக்கும் சிலுவை வடிவத் துண்டு) சேர்த்துத்தான் லாக்கர் பட்ஜெட். முழுதாகத் திருப்பிய ஸ்டீயரிங்கோடு ஆக்ஸிலரேட்டரை அமுக்கினால் முதலில் போவது கிராஸ். அது உடைந்தால் ஷாஃப்ட்டின் காதையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

கிரவுன் பொருத்துவது எந்தக் கடைக்கும் கொடுக்கிற வேலை இல்லை. பேக்லாஷ் (பற்களுக்கிடையே விடும் தளர்வு) பொதுவாக 0.006 முதல் 0.010 அங்குலத்துக்குள்; கிட்டோடு வரும் தாள் வேறு சொன்னால் தாள்தான் சரி. மஞ்சள் பேஸ்ட் தடவிப் பல்லில் விழும் தடத்தைப் போட்டோ எடுத்துத் தரச் சொல்லுங்கள். தடம் பல்லின் உச்சிக்கும் அடிக்கும் நடுவே விழ வேண்டும். உச்சியில் விழுந்தால் பினியன் வெளியே நிற்கிறது, அடியில் விழுந்தால் அதிகம் உள்ளே போய்விட்டது. கிரஷ் ஸ்லீவை (பினியன் பேரிங்கின் இறுக்கத்தை அமைக்க நசுங்கும் வளையம்) அளவுக்கு மீறி நசுக்கிவிட்டால் நட்டைத் தளர்த்திச் சரிசெய்ய முடியாது, புது ஸ்லீவ்தான். முதல் ஓட்டம் 15, 20 மைல் மெதுவாக, பிறகு அரை மணி நேரம் ஆறவிட வேண்டும். முதல் 500 மைலுக்கு டிரெய்லர் இழுக்கக் கூடாது, 500-இல் ஆயிலை மாற்ற வேண்டும். புது கிரவுன் பெரும்பாலும் எரிவது இந்தக் கட்டத்தில் பொறுமை இல்லாததால். வேகத்தில் ஊளைச் சத்தம் வந்தால் "போகப் போகச் சரியாகிவிடும்" என்பதை நம்பாதீர்கள்.

ரேஷியோவையும் டயர் அளவையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ஏஇவி புரோகால் போன்ற கருவி அதைச் செய்யும். ஏற்றாவிட்டால் ஸ்பீடாமீட்டர் பொய் சொல்வதோடு, ஆட்டோ கியர் தப்பான நேரத்தில் மாறும். மூன்று அங்குலத்துக்கு மேல் லிஃப்ட் இருந்தால் முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் கொட்டும். இரட்டைக் கிராஸ் வைத்த ஷாஃப்ட்டுக்கு மாறுங்கள்.

பழைய ரூபிகான் முன் 44 ஒன்று மலிவாகக் கிடைத்தால்? ஸ்போர்ட்டில் நேராக உட்காரும், லாக்கரும் சேர்ந்தே வரும். ஆனால் அந்த லாக்கருக்கு வயரிங் தனியாக இழுக்க வேண்டும்; பின் ஆக்ஸில் ரேஷியோவையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும்; குழாய்க்குக் கஸெட்டும் ஸ்லீவும் அப்படியே தேவை. எல்லாம் கூட்டினால், தடித்த குழாயோடு புதிதாகச் செய்து வரும் டைனாட்ராக் புரோராக் 44 போன்ற ஹவுசிங்கின் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். 37 டயர் உறுதி என்றால் பழைய 44-இல் காசைப் போடாமல் நேராக இதற்குப் போகலாம். பின்னால் இருக்கும் 44-ஐ விட்டுவைக்கலாம். ரூபிகானில் 32 ஸ்பிளைன், மற்றவற்றில் 30, குரோமோலி ஷாஃப்ட் போட்டால் 37-ஐ இழுக்கும்.

டானா 60 (9.75 அங்குலக் கிரவுன், 35 ஸ்பிளைன்) 40 அங்குல டயர்க்காரர்களுக்கு. எட்டு போல்ட் ரிம் வாங்க வேண்டியிருக்கும், எடையும் கூடும், ஹவுசிங் பெருத்து நிலத்துக்கு அருகே தொங்குவதால் 37 டயரோடு அதைப் போட்டால் பாறையில் முதலில் முட்டுவது அதுதான்.