பழைய ஜென் காரின் பின்சக்கரத் தட்டல்: ஒலியைக் கண்டறிந்து சொல்லும் ஒரு பட்டறை

சென்னையில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு உதிரிபாகம் கிடைப்பது பெரிய சிக்கல் இல்லை. புதியது வேண்டுமானால் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை இருக்கிறது, பழைய வண்டியிலிருந்து கழற்றியது போதுமானால் புதுப்பேட்டை இருக்கிறது. எந்த உதிரிபாகம் வேண்டும் என்று சரியாகச் சொல்லும் ஆள் கிடைப்பதுதான் அரிது. பின்பக்கம் ‘டொக்’ என்று ஒலி கேட்கிறது என்று சொன்ன மாத்திரத்தில், வண்டிக்கு அடியில் குனிந்துகூடப் பார்க்காமல், ஷாக் அப்சார்பரை ஜோடியாக மாற்றிவிடலாம் என்று விலை சொல்லத் தொடங்கும் பட்டறைகளே அதிகம். இதற்கு மாறாக, ராயப்பேட்டைப் பக்கம் ஒரு சந்துக்குள் இயங்கும், சக்கரங்களின் அதிர்வைத் தாங்கும் சஸ்பென்ஷன் அமைப்பைப் பழுதுபார்க்கும் சிறிய பட்டறை ஒன்று, ஒலியின் காரணத்தைக் கண்டறிவதையே தனி வேலையாக எடுத்துக்கொண்டு அதற்குத் தனிக் கட்டணமும் வாங்குகிறது. என்னுடைய 2002ஆம் ஆண்டு மாருதி ஜென்னை அங்கே கொடுத்துச் சரிசெய்தேன். அந்தச் சேவையைப் பற்றியதே இந்த மதிப்புரை.

பட்டறையின் பெயரை வெளியிட வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார். வண்டியின் அடியில் இறங்கி வேலை செய்ய ஒரே ஒரு குழிதான் இருக்கிறது, கையில் உள்ள வேலைக்கே நேரம் போதவில்லை என்பது அவர் சொன்ன காரணம். ஆகவே முகவரி தேடி வருபவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் அங்கே ஒலியைத் தேடிய முறை வேறு எந்தப் பட்டறையிலும் கேட்டுப் பெறத்தக்கது என்பதால் அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

1993இல் விற்பனைக்கு வந்து 2006 வரை தயாரிக்கப்பட்ட ஜென்னின் பின்பக்க அமைப்பு எளிமையானது. என்ஜின் முன்சக்கரங்களை மட்டுமே ஓட்டுவதால் என்ஜினின் விசையைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் டிஃபரன்ஷியலும் இல்லை. இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் கெட்டியான ஆக்சில் ஒன்று இருக்கிறது. அது முன்னும் பின்னும் நகராமல் இருபுறமும் டிரெய்லிங் ஆர்ம்கள் என்ற நீளவாட்டுக் கைகள் பிடித்துக்கொள்கின்றன. இடம் வலமாக நகராமல், ஒரு முனை ஆக்சிலிலும் மறுமுனை பாடியிலும் பொருத்தப்பட்ட லேட்டரல் ராடு என்ற குறுக்குக் கம்பி பிடித்துக்கொள்கிறது. எடையைக் காயில் ஸ்பிரிங்குகள் தாங்க, ஆட்டத்தை ஷாக் அப்சார்பர்கள் அடக்குகின்றன. இவை பாடியோடும் ஆக்சிலோடும் சேரும் இடங்களிலெல்லாம் ரப்பர் உண்டு; நடுவே இரும்புக் குழாய் வைத்த ரப்பர் வளையத்தைப் புஷ் என்பார்கள். இருபது ஆண்டுக் காலச் சூடும் தெருவில் தேங்கிய மழைநீரும் அந்த ரப்பரை இறுக வைத்து, வெடிக்கச் செய்து, கடைசியில் உள்ளே இருக்கும் இரும்புக் குழாயை விட்டே பிரித்துவிடுகின்றன. அதற்குப் பிறகு குண்டும் குழியுமான சாலையில் இரும்பு இரும்பின் மீதே மோதுகிறது. மோதும் இடம் ஒன்றாக இருந்தாலும் ஒலி மெல்லிய தகடு வழியாகப் பாடி முழுவதும் பரவுவதால், இடப்பக்கத்தில் பிறக்கும் தட்டல் ஓட்டுநரின் காதுக்கு வலப்பக்கத்தில் கேட்பதும் உண்டு. காதை மட்டும் நம்பி உதிரிபாகம் வாங்கக் கூடாது என்பதற்கு இதுவே முதல் காரணம்.

என் காரில் ஒலி வந்த விதம் இது: இரண்டு பின்சக்கரங்களும் சேர்ந்து வேகத்தடையில் ஏறி இறங்கினால் பெரும்பாலும் அமைதியாக இருக்கும்; ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கினாலோ, வாசல் சரிவில் வண்டி சாய்வாக ஏறினாலோ ஒரே ஒரு கனத்த தட்டல் கேட்கும். வேறொரு பட்டறையில் இதற்காகப் பின்பக்க ஷாக் அப்சார்பர்கள் இரண்டும் ஏற்கெனவே மாற்றப்பட்டிருந்தன. வண்டியின் துள்ளல் நின்றது, தட்டல் நிற்கவில்லை.

இந்தப் பட்டறையில் மூத்த மெக்கானிக் முதலில் செய்தது டிக்கியைக் காலி செய்யச் சொன்னதுதான். ஸ்டெப்னி, ஜாக்கி, கருவிப்பை, பின்சீட்டுக்குப் பின்னால் இருந்த பலகை என்று எல்லாவற்றையும் இறக்கிய பிறகே வண்டியை ஓட்டிப் பார்த்தார். சஸ்பென்ஷன் என்று நம்பி ஆயிரக்கணக்கில் செலவழித்த பிறகு, சரியாக முடுக்கப்படாத ஸ்டெப்னியோ தேய்ந்துபோன டிக்கிப் பூட்டோ ஒலிக்குக் காரணமாக இருந்த வண்டிகள் நிறைய வந்திருக்கின்றன என்றார். சக்கர நட்டுகளையும் சைலன்சரைத் தாங்கும் ரப்பர் வளையங்களையும் இதே கட்டத்தில் பார்த்து முடித்துவிடுகிறார்கள். இவற்றுக்கு எந்தக் கருவியும் பெரிதாகத் தேவையில்லை. வீட்டிலேயே செய்துவிட்டுப் போகலாம்.

அடுத்து வந்த ஓட்டச் சோதனைதான் இந்தச் சேவையின் உயிர்நாடி என்று சொல்வேன். கார் உரிமையாளரை ஓட்டச் சொல்லிவிட்டு மெக்கானிக் பின்சீட்டில் உட்கார்ந்துகொள்கிறார். இந்திய சாலைப் பேராயத்தின் வரையறைப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் உள்ள மென்மையான மேடாக இருக்க வேண்டும். நம் தெருக்களில் குடியிருப்போர் சிமென்ட்டால் போட்டுக்கொள்ளும் குறுகிய வரப்புகளோ அந்த வரையறைக்கு வெகுதூரம். ஆனால் ஒலி தேடுகிறவருக்கு இரண்டுமே பயன்படுகின்றன. அகன்ற மேட்டில் சஸ்பென்ஷன் முழு வீச்சில் மெதுவாக இறங்கி ஏறுவதால், சஸ்பென்ஷன் அடிவரை இறங்கும்போது மோதலைத் தாங்கும் ரப்பர் கட்டையான பம்ப் ஸ்டாப் உதிர்ந்துபோயிருந்தால் அங்கே தெரிந்துவிடும். குறுகிய வரப்பில் சக்கரம் சட்டென்று விழுவதால் ஷாக் அப்சார்பர் முனைகளில் உள்ள தளர்ச்சி வெளிப்படும். பிறகு ஒரு சக்கரத்தை மட்டும் பள்ளத்தில் விட்டுப் பார்த்தோம். அதன் பின் நடக்கும் வேகத்தில் போய்க்கொண்டே ஹேண்ட் பிரேக்கைச் சிறிதளவு இழுத்துப் பிடிக்கச் சொன்னார். பின்பக்க டிரம்முக்குள் பிரேக் ஷூ தளர்ந்து ஆடினால் இப்படிப் பிடிக்கும்போது ஒலி அடங்கிவிடும். என் காரில் ஒலி அடங்கவில்லை; ஆகவே டிரம்மைக் கழற்றும் வேலை மிச்சமானது. முன்னும் பின்னுமாக வண்டியை நகர்த்தி உடனுக்குடன் பிரேக் அடித்துப் பார்த்தபோதும் தட்டல் இல்லாததால், டிரெய்லிங் ஆர்ம் புஷ்கள் மீதான சந்தேகமும் குறைந்தது.

வண்டியைத் தூக்கிப் பார்ப்பதிலும் இங்கே ஒரு ஒழுங்கு இருக்கிறது. பெரிய சர்வீஸ் நிலையங்களில் இரண்டு தூண் லிஃப்டில் ஏற்றும்போது சக்கரங்கள் தொங்கிவிடுகின்றன. ஆக்சில் முழுவதும் கீழே இறங்கி, புஷ்கள் எல்லாம் ஒரு பக்கமாக இழுபட்டு நிற்பதால், சாலையில் ஆடும் மூட்டு லிஃப்டில் ஆடுவதில்லை. குழியின் மீது நிற்கும் காரில் சக்கரங்கள் தரையிலேயே இருக்கின்றன, எடை இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. ஒருவர் வெளியே நின்று பின்பகுதியை இடம் வலமாகத் தள்ளி ஆட்ட, குழிக்குள் இருந்தவர் ஒவ்வொரு மூட்டிலும் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தார். லேட்டரல் ராடின் பாடிப் பக்க முனையில் தட்டல் விரலுக்கே தெரிந்தது. என்னையும் குழிக்குள் இறங்கித் தொட்டுப் பார்க்கச் சொன்னார். புஷ் ரப்பர் ஒரு பக்கம் முழுதாகக் கிழிந்து, நடுக்குழாய் வட்டத்தின் மையத்தை விட்டு விலகியிருந்தது. ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டுகள், ஸ்பிரிங்கின் அடிச்சுற்று, ஸ்பிரிங் அமரும் ரப்பர் ஆகியவற்றையும் பார்த்துவிட்டு, அவற்றில் குறையில்லை என்று சொன்னார். கடற்காற்று படும் ஊரில் ஸ்பிரிங்கின் அடிச்சுற்று துருவேறி ஒடிந்துவிடுவது வழக்கம் என்பதால் அந்த இடத்தைச் சுரண்டிப் பார்க்காமல் விடுவதில்லையாம்.

லேட்டரல் ராடு என்று தெரிந்த பிறகு, முன்னர் குழப்பமாக இருந்த எல்லாம் பொருந்தி வந்தன. வண்டி ஒரு பக்கம் சாயும்போதுதான் ஆக்சில் பக்கவாட்டில் அதிகம் தள்ளப்படுகிறது. அந்தத் தள்ளலைத் தாங்கும் ஒரே உறுப்பு இந்தக் கம்பி. புதிய ஷாக் அப்சார்பரால் இதை ஒன்றும் செய்திருக்க முடியாது.

பழுது நீக்கும் வேலையில் பாராட்ட வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பலர் இதைக் கவனிப்பதில்லை. புஷ்ஷின் நடுக்குழாயை போல்ட் இறுக்கிப் பிடித்துக்கொள்ள, அசைவு முழுவதும் ரப்பரின் முறுக்கத்தால்தான் நிகழ்கிறது. ஆக்சில் தொங்கிக்கொண்டிருக்கும் நிலையில் போல்ட்டை முடுக்கிவிட்டால், வண்டி தரைக்கு வந்ததுமே ரப்பர் முறுக்கிய நிலைக்குப் போய்விடுகிறது. அதற்கு மேல் ஒவ்வொரு பள்ளமும் அந்த முறுக்கத்தைக் கூட்ட, புதிய புஷ் சீக்கிரமே கிழிந்துவிடும். இங்கே போல்ட்டைக் கையளவில் மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, சற்று முன்னும் பின்னும் உருட்டி நிலைகொள்ள வைத்த பிறகே, முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முடுக்கினார்கள். வேறெங்கு வேலை கொடுத்தாலும் இந்த ஒன்றை மட்டுமாவது கேட்டுச் செய்யச் சொல்ல வேண்டும்.

உதிரிபாகத்தில் அவர்களுடைய நிலைப்பாடு தெளிவானது. ரப்பர் சம்பந்தப்பட்ட எதையும் கழற்றிய பொருளாக வாங்கிவந்தால் மாட்ட மறுத்துவிடுகிறார்கள். அதுவும் அதே வயது ரப்பர்தானே. ரப்பருக்குப் பதிலாக அதைவிடக் கெட்டியான பாலியூரித்தேன் புஷ் கேட்டாலும் இந்த வகை ஆக்சிலுக்கு வேண்டாம் என்கிறார்கள். ஒரு சக்கரம் மட்டும் மேலே ஏறும்போது டிரெய்லிங் ஆர்ம் புஷ்கள் பல திசைகளிலும் வளைந்துகொடுக்க வேண்டியிருப்பதால், கெட்டியான பொருள் அந்த வேலையைச் செய்யாமல் அதிர்ச்சியைப் பாடிக்குக் கடத்திவிடும் என்ற அவர்களுடைய வாதம் எனக்கும் ஏற்புடையதாகவே பட்டது. வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் செய்ய வேண்டுமா என்று கேட்டேன். கெட்டி ஆக்சிலில் பின்சக்கரக் கோணத்தை மாற்ற வழியே கிடையாது, வீண் செலவு என்று பதில் வந்தது. அந்த வேலையைச் செய்யும் இயந்திரம் அவர்களிடம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இருந்திருந்தாலும் இதே பதில் வந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

கண்டறிவதற்கான கட்டணம் 500 ரூபாய். வேலையை அங்கேயே கொடுத்தால் கூலியில் கழித்துக்கொள்கிறார்கள். வேறெங்காவது கொண்டுபோவதானால் குறையை எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். தேவையில்லாமல் மாற்றப்படும் ஒரு ஜோடி ஷாக் அப்சார்பரின் விலையோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகை அல்ல.

குறைகளும் உண்டு. காலையில் தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போனாலும் குழி காலியாகும் வரை காத்திருக்க வேண்டும். உட்கார நிழல் இல்லை. எழுதிக் கொடுக்கும் குறிப்பு ஒரு துண்டுச் சீட்டில் மூன்று நான்கு சொற்களாக இருப்பதால், காரை விற்கும்போதோ வேறு மெக்கானிக்கிடம் காட்டும்போதோ அதனால் பெரிய பயன் இல்லை. எந்த மூட்டு, எந்தப் பக்கம், எந்தச் சோதனையில் தெரிந்தது என்று ஒரு அச்சிட்ட படிவத்தில் நிரப்பிக் கொடுத்தால் இந்தக் கட்டணத்துக்கு முழு நியாயம் கிடைக்கும். மேலும், சந்து குறுகலானது என்பதால் ஜென், ஆல்ட்டோ, பழைய வேகன் ஆர் அளவுள்ள வண்டிகளுக்குத்தான் அந்த இடம் தோதானது. அம்பாசடர் போல லீஃப் ஸ்பிரிங் உள்ள வண்டிகளை அவர்கள் எடுத்துக்கொள்வதும் இல்லை.

போகிறவர்கள் ஒலி எப்போது வருகிறது என்பதை முன்கூட்டியே கவனித்துக் குறித்துக்கொண்டு போனால் ஓட்டச் சோதனைக்கான நேரம் பாதியாகக் குறையும்: ஒரு சக்கரத்திலா இரண்டிலுமா, ஏறும்போதா இறங்கும்போதா, பிரேக் பிடிக்கும்போதா, பின்சீட்டில் ஆள் இருக்கும்போது மாறுகிறதா என்ற அளவில் தெரிந்திருந்தால் போதும். வண்டியின் அடிப்பகுதியை மட்டும் முந்தின நாள் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டாம் என்கிறார்கள். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்த தடமும், போல்ட்டைச் சுற்றி இரும்பு உரசிய பளபளப்பும், புஷ் ஓரத்தில் உதிர்ந்த கருந்தூளும் அதோடு போய்விடுமாம்.