சுங்கை சிப்புட் பழைய புத்தகக் கடையும் ஒரு தட்டு டாக்டர் ஸ்ட்ரேஞ்சும்

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் போறவங்களுக்கு இந்தக் கடையப் பத்தி சொல்லணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டு இருந்தேன். கடைத்தெருவுல மளிகைக்கடைக்கும் தையல்கடைக்கும் நடுவுல ஒரு பழைய புத்தகக் கடை, பேர் போர்டு கூட கெடையாது, வாசல்ல ஸ்கூல் பயிற்சிப் புத்தகமா அடுக்கி வச்சிருப்பாரு, அதப் பாத்துட்டு நெறைய பேரு அப்படியே தாண்டிப் போயிடுவாங்க. உள்ள போங்க. கடைசி அலமாரி முழுக்க காமிக்ஸ், அதுல ஒரு தட்டு பூரா மார்வெல் காமிக்ஸோட மந்திரவாதி டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் மட்டும்.

நான் மொதல்ல ஆன்லைன்லதான் வாங்கினேன். ஒரு வியாபாரி அனுப்புன தொகுப்பு நனைஞ்சு காஞ்சு பக்கமெல்லாம் ஒட்டிக் கெடந்துச்சு, பிரிச்சா மையோட சேந்து கிழியுது, காசக் கேட்டா பதிலே இல்ல. அந்த வயித்தெரிச்சலோடதான் இந்தக் கடைக்குள்ள நொழைஞ்சேன். இங்க கடைக்கார அண்ணே ஒவ்வொரு புக்குக்கும் பிளாஸ்டிக் உறை போட்டு, மூலைக்கு மூலை பாச்சா உருண்டை வச்சிருக்காரு. நம்ம பக்கத்து மழைக்கும் கரையானுக்கும் தாளு இப்படி நிக்கிறதே பெரிய விஷயம்.

அதவிட எனக்குப் புடிச்சது அவரு அடுக்கியிருக்கற விதம். வருஷ வரிசை. எடது பக்கம் 1963, அப்படியே வந்து வலது கோடியில படத்தோட டிவிடி. நீங்க நின்ன எடத்துலயே அந்த மந்திரவாதியோட மொத்த வாழ்க்கையும் பாத்துடலாம்.

நான் வாங்குனது கருப்பு வெள்ளையில வந்த தடி புக், 600 பக்கத்துக்கு மேல, 35 வெள்ளி. அவரு கதை மொதல்ல வந்த ஸ்ட்ரேஞ்ச் டேல்ஸ்ங்கற காமிக்ஸோட 110வது இதழ்லேருந்து 168 வரைக்கும் அதுல இருக்கு (நடுவுல ரெண்டு இதழ்ல அவரு வரல, அதனால அது மட்டும் இல்ல). மொதக் கதை வெறும் 5 பக்கந்தாங்க. ராத்திரி கெட்ட கனவு வந்து தூக்கமில்லாத ஒருத்தன் கதவத் தட்டுறான், ஸ்ட்ரேஞ்ச் அவன் கனவுக்குள்ளயே போயிடறாரு, அங்க சங்கிலி கட்டுன ஒரு உருவம் நிக்குது. இந்த ஆளு டாக்டரா இருந்தவரு, கார் விபத்துல கை நரம்பு போயி ஆபரேஷன் பண்ண முடியாம குருவத் தேடி மலைக்குப் போனவருங்கற கதையே 115லதான் வருது! ஸ்டீவ் டிட்கோதான் இத யோசிச்சு வரைஞ்சு எடுத்துட்டு வந்தாரு, அது ஸ்டீவோட ஐடியான்னு மார்வெல் ஆசிரியர் ஸ்டான் லீயே 1963ல ஒரு கடுதாசியில எழுதியிருக்காரு. படம் மட்டும் பாத்தவங்களுக்கு டிட்கோ பேரே தெரியல, எனக்கு அது ரொம்ப வருத்தம்.

கலர் இல்லையேன்னு யோசிக்காதீங்க. பளபள தாள்ல வந்த கலர் மறுபதிப்பும் அதே தட்டுல இருக்கு, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தேன். டொர்மாமுங்கற வில்லனோட ஒலகம் வர்ற எடத்துல கலர் வேணுந்தான், அத ஒத்துக்கறேன். ஆனா அந்தக் கோடு, அந்த வெரலு, அது கருப்பு வெள்ளையிலதான் நல்லா நிக்குது. 146வது இதழோட டிட்கோ போயிட்டாரு, அடுத்தது பில் எவெரெட், அப்புறம் மேரி செவரின்னு ஒரு அம்மா வரைஞ்சாங்க, அப்புறம் டேன் அட்கின்ஸ். கை மாறுறது ஒரே புக்குல அப்படியே தெரியும்.

போன மாசம் மகளையும் கூட்டிட்டுப் போனேன். அவளுக்கு 11 வயசு, 2022ல வந்த ரெண்டாவது படத்தப் பாத்துட்டு அந்தப் படத்துப் புக்குதான் வேணும்னு ஒரே அடம். அண்ணே சிரிச்சிட்டு, "பாப்பா, மொதல்ல இதப் பாரும்மா, புடிக்கலன்னா அத எடுத்துக்கலாம்"னு இந்த மாதிரி ஒரு தடி புக்க விரிச்சுக் குடுத்தாரு. ஸ்ட்ரேஞ்ச் கைய நீட்டி மந்திரம் போடற கட்டம், ஆள்காட்டி வெரலும் சுண்டு வெரலும் நிமிந்து நிக்க, நடுவுல ரெண்டு வெரலு மடங்கியிருக்கு. அவ கோயில் மண்டபத்துல பரதம் கத்துக்கறா. கொஞ்ச நேரம் உத்துப் பாத்துட்டு, "அப்பா, இது சிம்மமுகம் மாதிரி இருக்குப்பா"ன்னு சொல்லிட்டு அங்கயே நின்னு கையப் புடிச்சுக் காட்டுனா. டிட்கோ எங்கேருந்து எடுத்தாரோ, நம்ம புள்ளைக்கு அது தெரிஞ்ச முத்திரையா இருக்குன்னு எனக்கு அப்படியே சிலுத்துப் போச்சு. 2016 படத்துல கூட அந்த வெரல் அசைவுக்காக ஜேஃபங்க்னு ஒரு வெரல் நடனக்காரர வச்சுதான் ஸ்ட்ரேஞ்சா நடிச்ச பெனடிக்ட் கம்பர்பேட்சுக்குச் சொல்லிக் குடுத்தாங்க.

திரைப் பக்கந்தான் கடையில கொஞ்சம் மோசம். 1978ல அமெரிக்காவோட சிபிஎஸ் டிவிக்கு எடுத்த படம் இருக்கு, பீட்டர் ஹூட்டன் நடிச்சது, அதுல ஸ்ட்ரேஞ்ச் சர்ஜன் இல்ல, மனநல டாக்டரு. தொடராக்கலாம்னு எடுத்தாங்க, தொடரல. அதுக்கு 60 வெள்ளி சொல்றாரு, அதிகம் அண்ணே. 2007 கார்ட்டூன் படம் 10 வெள்ளி, அது வாங்கலாம். நடுவுல 38 வருஷம் எத்தனையோ பேரு ஸ்கிரிப்ட் எழுதியும் தியேட்டருக்கு வராத ஆளு, 2016ல ஸ்காட் டெரிக்சன் எடுத்த படம் வந்தப்பதான் டிட்கோ 1960கள்ல பேனாவுல போட்டத ஸ்கிரீன்ல புடிக்க முடிஞ்சுது. காமிக்ஸ்ல குரு இருக்கற திபெத்த மாத்தி காட்மாண்டுன்னு வச்சு நேப்பாளத்துக்கே போயி எடுத்தாங்க, அது நல்லா இருந்துச்சு. ஆசியக் கெழவரா இருந்த குருவ மட்டும் டில்டா ஸ்விண்டன்ங்கற வெள்ளக்கார நடிகையா மாத்துனது எனக்கு இன்னைக்கும் ஒட்டல, நம்ம பக்கத்து முகம் ஒண்ணு அங்க இருந்திருக்கணும்.

இன்னொரு கொறை, 1974ல எழுத்தாளர் எங்கில்ஹார்ட்டும் ஓவியர் பிரன்னரும் சேந்து செஞ்ச டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் இதழ் ஒண்ணு கூட இல்ல. கேட்டேன், ஈப்போவுல ஒருத்தர் வீட்டுல பழைய பெட்டி இருக்கு தம்பி, போயிப் பாத்துட்டு சொல்றேன்னாரு. தமிழ்ல இருக்கான்னும் கேட்டேன், இல்ல.

கார்டு எடுக்க மாட்டாரு, காசா கொண்டு போங்க. மத்தியானம் சாப்பாட்டுக்கு சாத்திடுவாரு, சாயங்காலம் போனா ஸ்டூல் போட்டுக் குடுப்பாரு, வாங்காட்டியும் ஒக்காந்து படிக்கலாம், ஒரு வார்த்த சொல்ல மாட்டாரு. எம்மகளுக்கு மூணு இதழ் தனியா எடுத்து வச்சிருக்காராம், சனிக்கிழம போறோம்.