எத்தனை மீட்டர் செம்பு மிச்சம்?

பள்ளிக்கூடத்துக்கு அடுத்த வீட்டுப் பையன்தான் தினமும் மணியடித்த பிறகு வருவான் என்பார்கள். பிரிட்டனின் பிராட்பேண்ட் கதையில் இது அப்படியே நடந்தது. இங்கிலாந்தில் நான் இரண்டு வருடம் குடியிருந்த வீட்டின் சமையலறை சன்னலைத் திறந்தால் டெலிபோன் எக்ஸ்சேஞ்சின் செங்கல் சுவர் தெரியும். நாலு தெரு தள்ளியிருந்த தோழி வீட்டில் 70 மெகாபிட் வேகம், எனக்கு 17. அனுப்பும் வேகம் ஒன்றைத் தாண்டாது. "உங்களுடையது நேரடி லைன், இதற்கு மேல் தர வழியில்லை" என்று பிராட்பேண்ட் நிறுவனத்தில் முடித்துவிட்டார்கள். எக்ஸ்சேஞ்ச் பக்கத்தில் இருப்பது யோகம் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

வழக்கமான லைன் எக்ஸ்சேஞ்சிலிருந்து கிளம்பி, தெருவோரத்துப் பச்சைப் பெட்டிக்குள் நுழைந்து, அங்கிருந்து வீட்டுக்கு வரும். 2009ல் லண்டனின் மஸ்வெல் ஹில்லிலும் கார்டிஃபின் விட்சர்ச்சிலும் சோதித்துவிட்டு பிடி என்ற பெரிய தொலைபேசி நிறுவனத்தின் கம்பிகளைக் கவனிக்கும் ஓப்பன்ரீச் நாடெங்கும் பரப்பிய திட்டம் இந்தப் பெட்டியை நம்பியதுதான். பெட்டி வரைக்கும் ஃபைபர், அதாவது ஒளி இழை. மிச்சமுள்ள சில நூறு மீட்டருக்கு மட்டும் பழைய செம்புக் கம்பியில் விடிஎஸ்எல் என்ற வேகமான முறை. முதலில் 40 மெகாபிட், 2012 முதல் 80. ஆனால் எக்ஸ்சேஞ்சை ஒட்டிய தெருக்களுக்கும் பல கிராமங்களுக்கும் பெட்டியே கிடையாது, கம்பி நேராக வீட்டுக்கு ஓடும். வங்கிகள் குவிந்து கிடக்கும் லண்டன் மையப் பகுதியிலேயே இப்படிப்பட்ட லைன்கள் ஏராளம்.

எக்ஸ்சேஞ்சுக்குள்ளேயே விடிஎஸ்எல் கருவியை வைத்துவிட்டால் என்ன? எனக்கும் முதலில் தோன்றிய கேள்வி இதுதான். ஒரு கேபிளுக்குள் நூற்றுக்கணக்கான ஜோடிக் கம்பிகள் முறுக்கிக் கிடக்கின்றன. ஒன்றில் பேசுவது இன்னொன்றில் கசியும். அதனால் எந்த இடத்திலிருந்து எந்த அலைவரிசையை ஏற்றலாம் என்பதற்குத் தேசிய அளவில் விதி இருந்தது. எக்ஸ்சேஞ்சிலிருந்து விடிஎஸ்எல் அனுப்ப அந்த விதி இடம் தரவில்லை.

ஆகவே முதல் மாற்றுவழி கொஞ்சம் வேடிக்கையானது. எக்ஸ்சேஞ்ச் வாசலிலேயே புதிதாக ஒரு பெட்டியை நட்டு, நேரடி லைன்களை வெட்டி அதன் வழியே திருப்பிவிடுவது. பத்தடி தூரம் சுற்றிப் போனால் விதியும் மீறப்படவில்லை, வேகமும் கிடைத்தது. கேலி செய்யத் தோன்றினாலும், நெருக்கமாக வீடுகள் உள்ள இடத்தில் இதைவிட மலிவான வழி கிடையாது. சாலையை அதிகம் தோண்ட வேண்டாம், வீட்டுக்குள் யாரும் வர வேண்டாம். 2010ல் தொடங்கிய அரசின் பிராட்பேண்ட் மானியத் திட்டம் இப்படிப் பல பெட்டிகளுக்குப் பணம் கொடுத்தது. 24 மெகாபிட்டை 95 சதவீத வீடுகளுக்கு எட்டவைத்ததில் இவற்றுக்கும் பங்குண்டு.

ஆனால் இங்கே ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. விடிஎஸ்எல் 300 மீட்டருக்குள் 80ஐ நெருங்கும்; ஒரு கிலோமீட்டரில் 25, 30 என்று இறங்கிவிடும்; இரண்டைத் தாண்டினால் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வரும் பழைய முறையான ஏடிஎஸ்எல்லுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சன்னலில் எக்ஸ்சேஞ்ச் தெரிந்த எனக்கு வாசல் பெட்டி வரப்பிரசாதம். அதே எக்ஸ்சேஞ்சிலிருந்து நேரடி லைனில் மூன்று கிலோமீட்டர் தள்ளிப் பண்ணைவீட்டில் இருப்பவருக்கு அது வெறும் பச்சைப் பெயின்ட். இருவருக்கும் லைனின் வகை ஒன்றுதான், நோய் வேறு. எந்தத் திட்டத்தைப் பற்றி யார் பேசினாலும் நான் கேட்பது இந்த ஒரே கேள்வியைத்தான்: இது வந்த பிறகு, எனக்கும் ஃபைபருக்கும் நடுவில் எத்தனை மீட்டர் செம்பு மிச்சம்?

செம்பா என்பதே சந்தேகமான இடங்களும் உண்டு. 1960களிலும் 70களிலும் செம்பு விலை ஏறியபோது சில ஊர்களில் அலுமினியக் கம்பியைப் புதைத்துவிட்டார்கள். மில்டன் கீன்ஸ் இதற்குப் பேர்போனது. அலுமினியத்தில் சமிக்ஞை சீக்கிரம் தேயும். இன்னும் பெரிய கூத்து, சில வட்டாரங்களில் 1990களை ஒட்டியே தொலைபேசிக்கு ஃபைபர் போட்டிருந்தார்கள். அந்த ஃபைபரில் பேச்சு போகும், பிராட்பேண்ட் போகாது. இன்டர்நெட் தருவதற்காக ஃபைபர் வீட்டுக்குச் செம்புக் கம்பி இழுத்த கதையும் நடந்தது. ஒரே ஜோடிக் கம்பியை இரண்டு வீட்டுக்குப் பங்கிட்ட கருவிகளும் இருந்தன; அதைக் கழற்றாமல் பிராட்பேண்டே வராது.

செம்பை இன்னும் பிழியும் முயற்சிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விடிஎஸ்எல்லுக்கு அடுத்து வந்த ஜி.ஃபாஸ்ட் 330 மெகாபிட் வரை தந்தது, ஆனால் பெட்டியிலிருந்து ஏறத்தாழ 300 மீட்டருக்குள் இருப்பவருக்குத்தான். ஏற்கெனவே நன்றாக இருந்தவருக்கு இன்னும் நன்றாக இருந்தது, அவ்வளவே. தூரத்து வீடுகளுக்காக நீள்தூர விடிஎஸ்எல் என்று ஒன்றைச் சோதித்தார்கள். அது சோதனையோடு நின்றுபோனது.

அடுத்தது முழு ஃபைபர். மிச்சச் செம்பு பூஜ்யம், தூரக் கணக்கும் அதோடு தீர்ந்தது. தடை தொழில்நுட்பத்தில் இல்லை, மண்வெட்டியில் இருக்கிறது. செலவில் பெரும்பகுதி தார்ச்சாலையைத் தோண்டி மூடுவதற்கே போகிறது. இதை எப்படிக் குறைப்பது என்பதில்தான் ஆளுக்கொரு வழி. ஹல் நகரத்தில் பிடி என்கிற பெரியண்ணன் இல்லை. நகராட்சித் தொலைபேசியாகப் பிறந்த கேகாம் தன் சொந்தக் கம்பத்தையும் குழாயையும் வைத்துக்கொண்டு 2019ல் வேலையை முடித்தது. மற்ற ஊர்களில் ஓப்பன்ரீச்சின் குழாய்களையும் கம்பங்களையும் போட்டி நிறுவனங்கள் வாடகைக்கு எடுத்துக்கொள்ள அனுமதி வந்ததும் தோண்டும் வேலை வெகுவாகக் குறைந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது லங்காஷயர் கிராமங்களின் வழி. 2011ல் பிஃபோர்ஆர்என் என்ற பெயரில் ஊர்க்காரர்களே சங்கம் பதிந்தார்கள். பங்கு வாங்கியவர்களும் அவர்களே, பள்ளம் வெட்டியவர்களும் அவர்களே. சாலைப் பக்கமே போகவில்லை. வயலின் ஊடே குழாய் புதைத்தார்கள். நிலத்துக்காரர்கள் காசு வாங்காமல் வழிவிட்டார்கள், ஏனென்றால் அந்தக் குழாயின் மறுமுனை அவர்கள் வீட்டுக்குத்தான் போகிறது. ஃபைபர் இழைகளை ஒட்டவைக்கும் வேலையை விவசாயிகளும் ஓய்வுபெற்றவர்களும் கற்றுக்கொண்டார்கள். கிடைத்தது வருவதற்கும் போவதற்கும் ஒரே மாதிரி 1,000 மெகாபிட், மாதம் 30 பவுண்டுக்கு. அதே சமயத்தில் லண்டனின் ராதர்ஹைத் குடியிருப்புகளில் நாலைந்து மெகாபிட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

இதை எல்லா ஊரும் செய்ய முடியுமா? முடியாது. வயல் வேண்டும், இணக்கமான நிலத்துக்காரர் வேண்டும், மாலை நேரத்தை எல்லாம் பள்ளத்தில் கழிக்கத் தயாரான பத்துப் பேர் வேண்டும். அடுக்ககத்தில் வாடகைக்கு இருப்பவனால் வீட்டு உரிமையாளரிடம் ஒரு கையெழுத்து வாங்குவதற்குள் வருடம் ஓடிவிடும். நான் அனுபவித்தவன்.

ஆளுக்கோர் உரிமை என்று சட்டமும் வந்தது. 2020 மார்ச்சிலிருந்து 10 மெகாபிட் டவுன்லோடும் 1 மெகாபிட் அப்லோடும் கிடைக்காத வீடு அதைக் கேட்டு வாங்கலாம். ஆனால் செலவு 3,400 பவுண்டுக்குள் இருந்தால்தான் இலவசம். மிஞ்சியதை வீட்டுக்காரர் கட்ட வேண்டும். பல பத்தாயிரம் பவுண்டு கேட்டு மதிப்பீடு வந்த வீடுகள் செய்தித்தாளில் அடிபட்டன. உரிமைச் சீட்டைக் கொடுத்துவிட்டு ரயில் கட்டணத்தை நீயே கட்டு என்பது போல.

கம்பியே வேண்டாம் என்பவர்களுக்கு 4ஜி. மேற்கூரையில் ஆன்டெனா மாட்டி, டவர் கண்ணில் படும்படி திருப்பினால் நேரடி லைனின் 3 மெகாபிட் சட்டென்று 30, 40 ஆகும். ஒரே வாரத்தில் நடக்கிற காரியம், பள்ளமே வேண்டாம். குறை என்னவென்றால் டவரை ஊரே பங்குபோடுகிறது, சாயங்காலம் ஏழு மணிக்குத் தெரியும். மலைமடிப்புக்குள் இருக்கும் வீட்டுக்கு டவரே தெரியாது.

அங்கே செயற்கைக்கோள். 2015 டிசம்பரில் 2 மெகாபிட்கூட இல்லாத வீடுகளுக்கு அரசு 350 பவுண்டு வரை மானியம் கொடுத்தபோது பலர் வாங்கியது 36,000 கிலோமீட்டர் உயரத்துக் கோள்களின் சேவை. "ஹலோ" சொல்லிவிட்டு அரை நொடிக்கும் மேல் காத்திருக்க வேண்டிய சேவை அது. சில நூறு கிலோமீட்டர் உயரத்திலேயே சுற்றும் ஸ்டார்லிங்க் வந்த பிறகு அந்தக் குறை போய்விட்டது. டிஷ்ஷின் விலையும் மாதச் சந்தாவும்தான் உறுத்துகின்றன.

என்னைக் கேட்டால்: எக்ஸ்சேஞ்சை ஒட்டிய தெருவுக்கு வாசல் பெட்டி அன்றைக்குச் சரியான முடிவு, ஐந்தாறு வருட அவகாசம் வாங்கித் தந்தது. நீண்ட நேரடி லைனுக்குப் பெட்டி வைத்தது கணக்குக் காட்டுவதற்கான செலவு. அந்தப் பணத்தில் அப்போதே ஃபைபர் இழுத்திருக்கலாம். தனித்த பண்ணைவீட்டுக்காரர் ஃபைபருக்காகக் காத்திருக்காமல் ஆன்டெனாவையோ டிஷ்ஷையோ மாட்டிக்கொள்வதே புத்திசாலித்தனம்.

செம்பைக் கழற்றும்போது ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். பழைய தொலைபேசிக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே கம்பியில் வந்தது. வீட்டில் கரண்ட் போனாலும் பேசலாம். ஃபைபர் மின்சாரம் சுமக்காது. 2021 நவம்பரில் ஆர்வென் புயல் வட இங்கிலாந்தையும் ஸ்காட்லாந்தையும் அடித்து, சில வீடுகள் ஒரு வாரத்துக்கு மேல் இருட்டில் கிடந்தபோது இந்தப் பயம் பெரிதாகக் கிளம்பியது. அடுத்த மார்ச்சில் பிடி தன் டிஜிட்டல் தொலைபேசி மாற்றத்தையே கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தது. பழைய தொலைபேசி வலையமைப்பை மூடும் கெடு 2025 டிசம்பரிலிருந்து 2027 ஜனவரிக்குத் தள்ளிப்போயிருக்கிறது. லேண்ட்லைனையே நம்பியிருப்பவர்களுக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் தாங்கும் பேட்டரி தர வேண்டும் என்பது விதி. செல்போன் சிக்னல் இல்லாத வீட்டில் வயதானவர் யாராவது இருந்தால், ஃபைபர் மாட்ட வருகிறவரிடம் வேகத்தைக் கேட்பதற்கு முன்னால் அந்தப் பேட்டரியைக் கேளுங்கள்.